லேபிளில் இருக்கும் கால்

நீங்கள் ஓடவில்லை. நீந்தவில்லை. சைக்கிளில் ஒரு மிதிகூட மிதிக்கவில்லை. அன்றைக்கு முழுவதும் கம்பெனி ஜீப்பின் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தீர்கள், மடியில் ஒரு பிளாஸ்க்கோடு.

இத்தனை வருடம் பேசாமல் இருந்துவிட்டு இப்போது எழுதுவதற்குக் காரணம் உங்கள் லுங்கிக் கம்பெனி இந்த வருடம் போட்ட காலண்டர். சலூனில் மாட்டியிருந்தார்கள். தாடையில் நுரையோடு நிமிர்ந்து பார்த்தேன். பழைய லேபிள் படத்தைப் பெரிதாக்கிப் போட்டு, அடியில் "எண்பதுகளிலேயே நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றிலும் வென்ற நம் நிர்வாகி" என்று அச்சடித்திருந்தது. சவரம் செய்தவர் கேட்டார், "இன்னாங்க, மொதலாளி அந்தக் காலத்துலயே பெரிய ஓட்டக்காரராமே?" கத்தி கழுத்தில் இருந்தது. இப்போது கத்தி இல்லை.

நான் திருத்தணியில் போர்டு எழுதிப் பிழைத்தவன். ஊர் ஆந்திராவிலிருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது எனக்கு மீசை முளைக்கிற வயது. கடைக்குக் கடை தெலுங்குப் பலகையை இறக்கித் தமிழ்ப் பலகை ஏற்றினார்கள். எங்கள் நைனாவுக்குத் தெலுங்கு எழுத்து மட்டும்தான் வரும். அவர் பிரஷ்ஷை என்னிடம் கொடுத்துவிட்டு ஏணியைப் பிடித்துக்கொண்டார். அப்படித்தான் தொழிலுக்கு வந்தேன். அந்த அறுபதுகளில் தமிழ் எழுதுவதென்றால் ஒரு முறுக்கு இருந்தது. வடமொழி எழுத்து ஒன்றும் போட மாட்டேன். ஜவுளிக்கடை என்று கேட்டால் சவுளிக்கடை என்றுதான் எழுதுவேன். கடைக்காரர்களுக்கும் அது பிடித்திருந்தது. பிடிக்காதவர்களுக்கும் அப்படியே எழுதினேன். என் கை ஜ என்ற எழுத்தை மறந்தே போனது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு நடந்ததற்கெல்லாம் பாதிப் பொறுப்பு இந்தத் திமிருக்கு உண்டு.

உங்கள் மாமனாரின் கம்பெனிக்குச் அந்தக் காலத்தில் சுவர் எழுதியவன் நான்தான். பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் என்று சுற்று வட்டாரத்தில் தறி வைத்திருந்தவர்கள் நெய்து கொடுத்த லுங்கியை வாங்கி, மடித்து, லேபிள் ஒட்டி, மெட்ராசுக்கும் வெளியூருக்கும் அனுப்பினார் அவர். நல்ல லுங்கி. சாயம் நிற்கும், கரை விலகாது. அதில் எனக்குச் சண்டை இல்லை. நெய்தவர்கள் ஒழுங்காக நெய்தார்கள்.

பிறகு நீங்கள் அவர் பெண்ணைக் கட்டிக்கொண்டு பம்பாயிலிருந்து வந்தீர்கள். கையில் ஒரு இங்கிலீஷ் பத்திரிகை. எங்கோ ஒரு தீவில் கடலில் நீந்தி, சைக்கிள் ஓட்டி, கடைசியில் ஓடவும் ஓடுகிறார்களாம். அந்தப் படத்தைக் குடோனில் மூட்டை மேல் விரித்து வைத்துக்கொண்டு என்னிடம் சொன்னீர்கள். சொல் மாறாமல் ஞாபகம் இருக்கிறது.

"ஆர்ட்டிஸ்ட், லுங்கி விக்கிறது துணிய விக்கிறது இல்ல. ஆம்பளத்தனத்த விக்கிறது. நம்ம லுங்கிய கட்டிகினு ஒருத்தன் நீந்தணும், அதே லுங்கியோட சைக்கிள் மிதிக்கணும், அதே லுங்கியோட மலை ஏறணும். தண்ணியில நிக்கும், ரோட்டுல நிக்கும், மலையில நிக்கும். எப்படி?"

"நல்லா கீதுங்க" என்றேன். உண்மையிலேயே நன்றாகத்தான் இருந்தது.

"வெளிநாட்டுல முழுசு நடத்தறாங்க. விடிஞ்சதுல இருந்து பொழுது சாயற வரைக்கும். நமக்கு அவ்ளோ வேணாம். பாதி போதும். ஆனா பாதின்னு வெளிய மூச்சு விடக் கூடாது. பாதின்னா எவன் வாங்குவான்? பேரு பெருசா இருக்கணும். ஜகவீரன். ஜகத்துக்கே வீரன். லுங்கிக்கும் அதான் பேரு, போட்டிக்கும் அதான் பேரு."

அதோடு ஒரு வாக்குறுதியும் கொடுத்தீர்கள். நோட்டீசில் அடித்தீர்கள், சுவரில் என்னை எழுதவும் வைத்தீர்கள். "வெற்றி பெறும் வீரரின் படமே இனி நமது லேபிள்." பணப் பரிசு எதுவும் கிடையாது. லேபிளில் முகம் வரும், ஊர் ஊராகப் போகும். அதுதான் பரிசு.

நகரி ரோட்டிலிருந்து ஆர்.கே.பேட்டை வரை எழுதினேன். நீல அடி, மஞ்சள் எழுத்து, சிவப்பு நிழல். உங்களுக்குத் தமிழ் சரளமாகப் படிக்க வராது. உங்கள் மாமனார் வெளியூர் போயிருந்தார். நான் என் பழக்கப்படி ஜவை விட்டுவிட்டுச் சகவீரன் என்று எழுதிக்கொண்டே போனேன்.

முதலில் சிரித்தவர் ஒரு ஆந்திரா பஸ் கண்டக்டர். பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சுவரில் நான் கடைசி எழுத்துக்கு நிழல் போட்டுக்கொண்டிருக்கும்போது, டீ டம்ளரோடு வந்து பின்னால் நின்று எழுத்துக் கூட்டிப் படித்தார். அந்தப் பக்கத்து ஆட்கள் பலருக்குத் தமிழ் படிக்க வரும்.

"சகம் வீருடா? மிகதா சகம் எக்கட, பெயிண்டரூ?"

தெலுங்கில் சகம் என்றால் பாதி. பாதி வீரன் சரி, மிச்சப் பாதி எங்கே என்று கேட்டார். ஏணியில் நின்றபடியே அதைத் தெலுங்காக ஒரு தடவை படித்துப் பார்த்தேன். நீங்கள் மறைக்கச் சொன்ன ஒரே விஷயத்தை ஊரில் உள்ள எல்லாச் சுவரிலும் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன். தெலுங்கு வீட்டில் பிறந்தவன் நான். என் வாயில் தினமும் வருகிற வார்த்தை அது. தமிழ் எழுதும்போது காது அடைத்துக்கொண்டிருக்கிறது.

சாயங்காலத்துக்குள் ஊரே சிரித்தது. உங்களிடம் வந்து நின்றேன். திட்டுவீர்கள் என்று நினைத்தேன். நீங்களோ சொன்னீர்கள், "சிரிக்கிறாங்க இல்ல? அப்ப படிக்கிறாங்க. விடுங்க. லேபிள்ல மட்டும் ஜ போட்டுக்கலாம்." உங்கள் புத்தியை மெச்சிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

என் தங்கை வீட்டுக்காரர் அந்தச் சுவரைப் பார்த்துவிட்டுத்தான் வந்தார். அம்மையார்குப்பம் பக்கம் கூலி வேலை செய்பவர். அறுப்பு இல்லாத மாதங்களில் தறி வீடுகளிலிருந்து உங்கள் குடோனுக்கு லுங்கி மூட்டைகளைச் சைக்கிள் கேரியரில் கட்டிக் கொண்டுவருவார். முன்னால் ஒரு மூட்டை, பின்னால் இரண்டு. மழைக்காலத்தில் ஏரி மதகில் முள், செடி அடைத்துக்கொண்டால் முங்கி எடுக்க அவரைத்தான் கூப்பிடுவார்கள். என்னைவிடச் சின்னவர். தெலுங்கு வழக்கப்படி, மச்சான் முறைக்கு என்னைப் பாவா என்பார். நான் மாப்ள என்பேன்.

"பாவா, அந்தப் போட்டில நானும் கலந்துக்கலாமா?"

"யார் வேணா கலந்துக்கலாம் மாப்ள. லுங்கி மட்டும் அவங்க லுங்கி."

"மும்முனைப் போட்டின்னு மைக்குல சொல்லிகினு போனாங்க. எங்க ஊர்ல எலக்சன்னு நெனச்சிகினு எந்தெந்தக் கட்சின்னு கேக்கறாங்க."

தங்கை உள்ளேயிருந்து சொன்னாள். "மூட்ட தூக்கறதுக்கே ஒடம்பு வலிக்குதுன்னு ராவெல்லாம் மொனகறாரு. இதுல நீச்சலு வேற. ஜெயிச்சா இன்னா தருவாங்களாம்?"

"மூஞ்சி லேபிள்ல வரும்."

"இந்த மூஞ்சியா?" என்று சிரித்தாள். ஆனால் அடுத்த வாரம் பார்த்தபோது தெருவில் எல்லோருக்கும் சொல்லி வைத்திருந்தாள்.

போட்டி அன்று காலை ஏரிக் கரையில் நாற்பது பேருக்குக் குறையாமல் நின்றார்கள். விசைத்தறி ஓட்டுகிற பையன்கள், காலேஜ் மாணவர்கள், லீவில் வந்த ஒரு போலீஸ்காரர், நகரியிலிருந்து இரண்டு பேர். எல்லோர் இடுப்பிலும் புது லுங்கி, கஞ்சி விறைப்போடு. நீங்கள் விசில் ஊதியதும் குதித்தார்கள். லுங்கிக்குள் காற்றுப் புகுந்து உப்பிக்கொண்டது. ஏரி முழுக்கக் கட்டம் போட்ட பலூன்கள் மிதந்தன. கரையில் இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என் மாப்பிள்ளை மட்டும் குதிக்கும் முன்பே லுங்கியை இரண்டு காலுக்கும் நடுவே கொடுத்துப் பின்னால் இழுத்துச் செருகிக்கொண்டார், மதகில் இறங்கும்போது செய்வதுபோல. முதல் ஆளாக எதிர்க்கரை ஏறினார்.

அதே தார்ப்பாய்ச்சுக் கட்டோடு வாடகை சைக்கிளில் ஏறினார். பொதட்டூர்பேட்டை போய், அம்மையார்குப்பம், ஆர்.கே.பேட்டை சுற்றித் திருத்தணி திரும்ப வேண்டும். அவருக்கு அது தினமும் போகிற ரோடு. மூட்டை இல்லாமல் அந்த ரோட்டில் சைக்கிள் ஓட்டியது அதுதான் முதல் தடவை என்று பின்னால் சொன்னார்.

நான் உங்கள் ஜீப்பில் பின்னால் இருந்தேன். வழியில் விளம்பரத் தட்டி கட்டுவதற்காகக் கூட்டிப் போயிருந்தீர்கள். அதனால்தான் பார்த்தேன், கேட்டேன். அம்மையார்குப்பம் தாண்டியதும் ஜீப்பை அவர் பக்கத்தில் ஓட்டச் சொன்னீர்கள். தலையை வெளியே நீட்டி, "இன்னாய்யா இது, கோவணம் மாதிரி? லுங்கியே தெரியல. எறக்கிக் கட்டு" என்றீர்கள்.

"செயின்ல மாட்டிக்கும்ங்க."

"மாட்டாது. போட்டோகிராபர் முன்னால நிக்கறாரு. லுங்கி தெரியலன்னா போட்டியில இருந்து எடுத்துடுவேன்."

அவர் உங்கள் மூட்டை தூக்குகிறவர். இறங்கினார், அவிழ்த்தார், கணுக்கால் வரை இறக்கிக் கட்டினார், ஏறினார். போட்டோ எடுத்தீர்கள். இருநூறு அடி போயிருப்பார். லுங்கியின் ஓரம் செயினுக்குள் போனது. சைக்கிள் நின்றது, அவர் நிற்கவில்லை. விழுந்தபோது பல் சக்கரம் வலது கெண்டைக்காலின் உள்பக்கத்தில் பதிந்தது. மூன்று பல், மூன்று வெட்டு, ஒன்றன் கீழ் ஒன்றாக.

ஜீப் நிற்கவில்லை. நான் நிறுத்தச் சொன்னேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. நான் சொல்லவில்லை. திரும்பிப் பார்த்தேன், அவ்வளவுதான். அவர் செயினிலிருந்து துணியைக் கிழித்து எடுத்து, அந்தக் கிழிசலாலேயே காலைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

அப்படியும் அவர்தான் முதலில் வந்தார். ஊருக்குள் சைக்கிளைப் போட்டுவிட்டு மலை ரோட்டில் ஓடினார். கோயில் வாசல் வரை ஏறி, கும்பிட்டுவிட்டு, திரும்ப இறங்கி பஸ் ஸ்டாண்ட் வந்தார். போலீஸ்காரர் இரண்டாவது. அவர் வருவதற்குள் என் மாப்பிள்ளை ஒரு சோடா குடித்து முடித்துவிட்டார். மேடையில் நிற்க வைத்துப் போட்டோ எடுத்தார்கள். லுங்கியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டி, வலது காலை முன்னால் வைத்து நின்றார். சுற்றியிருந்த கிழிசல் ஓட்டத்தில் அவிழ்ந்து போயிருந்தது, மூன்று வெட்டிலும் ரத்தம் காய்ந்திருந்தது. நீங்கள் அவர் தோளில் கை போட்டுக்கொண்டு மைக்கில் சொன்னீர்கள், "இனிமே இந்த முகம்தான் நம்ம கம்பெனி." பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தவர்கள் எல்லாம் கேட்டார்கள். அவர்களில் பலர் இன்னும் இருக்கிறார்கள்.

நான் அந்த வாரமே பஸ் ஸ்டாண்ட் எதிர்ச் சுவரில் அவர் முகத்தை ஆள் உயரத்துக்கு வரைந்தேன். சகவீரன் என்று எழுதியதற்குப் பக்கத்திலேயே. நான் வரைந்த முகங்களில் அது ஒன்றுதான் உருப்படியானது. தலைவர்களையும் சாமிகளையும் வரைந்து வரைந்து கை ஒரே மாதிரி ஆகிவிட்டிருந்தது. இது மட்டும் ஆளைப்போலவே வந்தது. ஒரு புருவம் கொஞ்சம் தூக்கினாற்போல் இருக்கும் அவருக்கு. அதுவும் வந்தது. தங்கை மூன்று நாள் ஏதாவது சாக்குச் சொல்லி பஸ் ஏறி வந்து பார்த்துவிட்டுப் போனாள்.

பத்து நாள் கழித்துக் குடோனுக்குக் கூப்பிட்டீர்கள். சிவகாசிக்கு அனுப்ப லேபிளின் மூலப்படம் வேண்டும் என்று ஏற்கெனவே சொல்லியிருந்தீர்கள். நான் போட்டோவைப் பார்த்து அட்டையில் முக்கால்வாசி வரைந்து எடுத்துக்கொண்டு போனேன். உங்கள் மாமனாரும் இருந்தார். படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"நல்லா கீதுப்பா. ஆனா இவன் நம்ம மூட்டக்காரன் ஆச்சே" என்றார்.

"அதான் மாமா நானும் யோசிச்சேன்" என்றீர்கள். "கடக்காரனுக்கெல்லாம் இவன தெரியும். மூட்ட எறக்கறவன் மூஞ்சிய பாத்து எவன் லுங்கி வாங்குவான்? கறுப்பு வேற. மார்க்கெட்ல போவாது."

"பின்ன யார போடறது?"

"யாராவது பாக்கற மாதிரி..." என்று இழுத்தீர்கள். உங்கள் மாமனார் உங்களைப் பார்த்தார். "ஏன், நீயே இருக்கியே மாப்ள." நீங்கள் சிரித்துக்கொண்டு வேண்டாம் வேண்டாம் என்றீர்கள். அப்படிச் சொல்லிக்கொண்டே சட்டைப் பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்தீர்கள். ஸ்டூடியோவில் பவுடர் போட்டு எடுத்தது. கழுத்து வரைக்கும்தான். அளவு பார்த்து எடுத்திருந்தீர்கள். அந்தப் போட்டோவை நான் மறக்கவில்லை. வேண்டாம் என்கிறவன் பையில் அப்படி ஒரு போட்டோ இருக்காது.

"ஒடம்பு?" என்று கேட்டேன்.

"ஒடம்பு இருக்கட்டும். ஒடம்பு நல்லா இருக்கு. கலரு மட்டும் கொஞ்சம் தூக்கிடுங்க."

நான் மறுத்திருக்க வேண்டும். மறுக்கவில்லை. என் சுவர்கள் எல்லாம் உங்கள் கம்பெனிச் சுவர்கள். வேறு காரணம் எதுவும் சொல்லி என்னைக் காப்பாற்றிக்கொள்ளப் போவதில்லை. அட்டையில் அவர் தலையை வெள்ளைப் போஸ்டர் கலரால் மூடினேன். காய்ந்ததும் அதன் மேல் உங்கள் தலையை வரைந்தேன். கழுத்தில் இரண்டு நிறம் சேரும் இடம் தெரியாமல் இருக்க ஒரு மெல்லிய சங்கிலி போட்டேன். நீங்கள் அப்போது சங்கிலி போட்டதில்லை. படத்தைப் பார்த்துவிட்டுத்தான் வாங்கிப் போட்டீர்கள். தோளை, மார்பை, கையை, தொடையை எல்லாம் வெளுப்பாக்கினேன். காலுக்கு வந்தபோது அந்த மூன்று வெட்டையும் இருந்தபடி வரைந்தேன். ரத்தம் இல்லாமல், மூன்று சின்னக் கோடு. வீம்புக்காக வைத்தேன் என்று சொல்ல மாட்டேன். போட்டோவில் இருந்தது, கை வரைந்தது. அதை எடுக்கச் சொல்ல உங்களுக்குத் தோன்றவில்லை. படத்தைக் கையில் வாங்கியதும் நீங்கள் முகத்தைத்தான் பார்த்தீர்கள். அதற்குக் கீழே பார்க்கவே இல்லை.

அடுத்தது சுவர். சுண்ணாம்பு அடிக்கச் சொன்னீர்கள். பட்டப் பகலில் ஏணி போட்டு அடித்தேன். ஒரு பூச்சில் அவர் கண் மறையவில்லை. இரண்டாவது பூச்சு அடித்துக்கொண்டிருக்கும்போது பொதட்டூர்பேட்டை பஸ்ஸிலிருந்து தங்கை இறங்கினாள்.

"அண்ணா, இன்னா பண்ற?"

"சுண்ணாம்பு அடிக்கறன்."

"அது எனக்கும் தெரியுது. யாரு மேல அடிக்கற?"

மட்டையை மறுபடி வாளியில் தோய்த்தேன். அவள் பையைக் கீழே வைத்துவிட்டு நான் அடித்து முடிக்கும் வரை நின்று பார்த்தாள். பிறகு அதே பஸ் திரும்பும்போது ஏறிப் போனாள். அதற்குப் பிறகு இரண்டு பொங்கல் என் வீட்டுக்கு வரவில்லை.

லேபிள் வந்தது. ஜகவீரன், பெரிய ஜ போட்டு. மேலே உங்கள் முகம். கடைக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. ஜெயிச்சவன் வேற ஆளாச்சே, அவன் படம் ஏன் வரல என்று கேட்டார்கள். நோட்டீசில் அடித்திருந்ததே. அதற்கு உங்கள் ஆட்கள் சொன்ன பதிலை நான் குடோன் வாசலிலேயே கேட்டேன்.

"அவன் எங்க முழுசா ஓடினான்? பாதி வழியில வுழுந்துட்டான். ஜீப்ல ஏத்தி வந்தோம். சகம்தான் ஓடினான். செவுத்துலயே எழுதி கீதே, சகவீரன்னு. சகம் வேற, ஜகம் வேற."

என் எழுத்தை எடுத்து அவரை அடித்தீர்கள். நான் திமிரில் விட்ட ஒரு ஜ உங்களுக்கு ஆயுதமாகிவிட்டது. பாதித் தூரம் போட்டி நடத்தியது நீங்கள். பாதி மனிதன் என்று பெயர் வாங்கியது அவர்.

அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. சகம் வருது பார் என்பார்கள். பஸ்ஸில் ஏறினால், "சகம், உனக்கு அர டிக்கெட்டா?" என்பான் கண்டக்டர். அவர் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது, எந்த வீடு என்று கேட்டவர்களுக்கு ஊர்க்காரர்கள் சகம் வீடு என்றுதான் வழி சொன்னார்கள். விழுந்து, எழுந்து, ரத்தம் ஒழுக மலை ஏறி இறங்கினவர் அவர். ஓடி முடிக்காதவன் என்பது கூடப் பரவாயில்லை, பொய் சொல்லித் திரிகிறவன் என்று ஆகிவிட்டது. தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தாள் அல்லவா தங்கை. அவளைக் கேட்டார்கள், உன் வீட்டுக்காரர் மூஞ்சி எப்போது வரும் என்று.

அவர் மூட்டை தூக்குவதை நிறுத்தவில்லை. வேறு வேலை இல்லை. குடோனில் லேபிள் ஒட்டின மூட்டைகளை ஸ்டேஷனுக்கு அவர்தான் கொண்டுபோய்ப் போட்டார். தன் காலைத் தானே தூக்கிக்கொண்டு போனார். ஒரு நாள் ஸ்டேஷன் ரோட்டில் எதிரில் வந்தார். நான் தலையைக் குனிந்துகொண்டு போகப் பார்த்தேன். சைக்கிளை நிறுத்தி, கேரியரில் இருந்த கட்டைத் தட்டிக் காட்டினார்.

"பாவா, காலு நல்லா வந்துகிது."

கிண்டலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே சொன்னார். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

"உனக்குத் தெரியுமா மாப்ள?" என்று கேட்டேன்.

"என் காலு எனக்குத் தெரியாதா? மூணு கோடும் கீதே. நீ போட்டதுதான்னு தெரியும். ஆங், வரட்டா, ரயிலு வந்துடும்."

அதற்குப் பிறகு நான் உங்கள் சுவர்களை எழுதவில்லை. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. அதற்குள் நீங்களே சினிமா சிலைடுக்கும் பத்திரிகைக்கும் மாறிவிட்டீர்கள். போட்டியை அடுத்த வருடம் நீங்கள் நடத்தவில்லை. ஒரு தடவை நடத்தினால் போதும், படம் கிடைத்துவிட்டது.

இத்தனை காலமும் லேபிளில் உங்கள் தலையை வைத்துக்கொண்டதோடு சரி. நீங்கள் ஓடினீர்கள் என்று எங்கும் எழுதவில்லை. அந்த அளவுக்காவது வெட்கம் இருந்தது. இப்போது காலண்டரில் அதையும் எழுதிவிட்டீர்கள். பட்டணத்தில் இந்த மாதிரி மூன்றும் சேர்ந்த பந்தயங்களுக்கு இப்போது மவுசு வந்திருக்கிறது, பேரப்பிள்ளைகள் சொல்லியிருப்பார்கள். அன்று தலையை எடுத்தீர்கள். இன்று ஓட்டத்தையும் எடுத்துக்கொண்டீர்கள்.

காலண்டரை சலூன்காரரிடம் கேட்டு வாங்கிக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனேன். மாப்பிள்ளைக்கு ஒரு கண்ணில் புரை. இன்னொரு கண்ணுக்குக் கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார். தங்கை அடியில் எழுதியிருப்பதைப் படித்துக் காட்டினாள். படித்துவிட்டு என்னைப் பார்த்தாள். முப்பது வருடத்துக்கு மேல் கேட்காமல் வைத்திருந்ததை இப்போது கேட்டாள். "வரஞ்சவன் நீதான. நீ வாயத் தொறக்கலன்னா வேற யாரு தொறப்பாங்க?"

எழுதப் போகிறேன் என்றேன்.

மாப்பிள்ளை காலண்டரை மடியில் வைத்துக்கொண்டு சிரித்தார். "எழுது பாவா. ஆனா இந்த தபா ஜ போட்டு எழுது. எனக்கு ஒரு தபா பட்டது போதும்."

ஜ போட்டுத்தான் எழுதியிருக்கிறேன். ஒரு இடத்திலும் விடவில்லை. மாப்பிள்ளை ஜகவீரன். பாதித் தூரம் வைத்தது உங்கள் போட்டி. வைத்த தூரம் முழுவதையும் அவர் முடித்தார். முதலில் முடித்தார்.

இனி நீங்கள் பதில் சொல்ல வேண்டும். எனக்குத் தனியாகக் கடிதம் எழுத வேண்டாம், ஆள் அனுப்ப வேண்டாம், வீட்டுக்குக் கூப்பிட்டுக் காபி கொடுக்க வேண்டாம். ஆடிக் கிருத்திகை அன்று வாருங்கள். காவடிக் கூட்டத்துக்கு உங்கள் கம்பெனி மோர்ப்பந்தல் போடுமே, பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில், நான் சுண்ணாம்பு அடித்த சுவர் இருந்த இடத்தில், அங்கே மைக் இருக்கும். அன்று மேடையில் இவர் தோளில் கை போட்டுக்கொண்டு பேசினீர்களே, அதே மாதிரி மைக்கைப் பிடியுங்கள். உங்கள் லுங்கியைக் கட்டிக்கொண்டு வாருங்கள். படத்தில் இருப்பதுபோல் முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டி, வலது காலை முன்னால் வையுங்கள். உங்கள் கெண்டைக்காலில் அந்த மூன்று கோடு இருந்தால் நான் பொய்யன் என்று அங்கேயே சொல்லுங்கள். இல்லையென்றால், லேபிளில் இருக்கும் அந்தக் கால் யாருடையது? மைக்கில் சொல்லுங்கள். நானும் தங்கையும் மாப்பிள்ளையும் கீழே நின்றுகொண்டிருப்போம்.